சத்து மாத்திரை என்று சொல்லிக் கொடுக்காதீர்கள்

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. பிளஸ் ஒன் படிக்கிறாள். 12 வயதில் வயசுக்கு வந்தாள். ஒன்றரை வருடமாக மாதவிடாய் வந்தால் ஒன்பது, பத்து நாள் ஆகியும் நிற்பதில்லை. ஹீமோகுளோபின் 8.4. ஸ்கேனில் நீர்க்கட்டி என்று எழுதியிருக்கிறது. லேடி டாக்டர் 21 மாத்திரை உள்ள அட்டை ஒன்றை எழுதிக் கொடுத்தார். மெடிக்கலில், "இது கருத்தடை மாத்திரையாச்சே, யாருக்கு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டதும் கூசிப்போய்விட்டேன். அட்டை பீரோவில் அப்படியே இருக்கிறது. யூடியூபில் பார்த்தால் உடம்பு போட்டுவிடும், கேன்சர் வரும், ரத்தம் உறையும், கர்ப்பப்பை சுருங்கிவிடும் என்கிறார்கள். கணவர் கொடுக்கவே கூடாது என்கிறார். அவளுக்குப் பரு அதிகம், முடி கொட்டுகிறது. அடிக்கடி தலைவலி வேறு. வருவதற்கு முன் கண்ணில் மின்னல் கோடு ஓடுகிறது என்பாள், செல்போனைப் பார்ப்பதால்தான் என்று திட்டுவேன். ஆடி மாதம் குலதெய்வக் கோயிலுக்குப் போக, நாள் தள்ளிப்போகும் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அப்போது ஒன்றும் ஆகவில்லை. சத்து மாத்திரை என்று சொல்லி இதைக் கொடுக்கலாமா? நாளைக்குக் கல்யாணமாகி அவளுக்குக் குழந்தை பிறக்காமல் போனால் யார் பதில் சொல்வது? – ஒரு தாய், மதுரை மாவட்டம்.

பதில்: குழந்தை பிறக்கும், அம்மா. உங்கள் பயமெல்லாம் கடிதத்தின் அந்தக் கடைசி வரியிலிருந்துதான் கிளம்பியிருக்கிறது. அதனால் அதற்கே முதல் பதில்.

இந்த மாத்திரை, சாப்பிடுகிற நாட்களில் மட்டும் முட்டை வெளிவராமல் நிறுத்தி வைக்கிறது. கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துப்போகாமல் பார்த்துக்கொள்கிறது. சவ்வு மெல்லியதாக இருப்பதால்தான் ரத்தப்போக்கும் குறைகிறது. கர்ப்பப்பை சுருங்குவதும் இல்லை, முட்டைகள் தீர்ந்துபோவதும் இல்லை. நிறுத்திவிட்டால் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் பழைய சுழற்சி திரும்பிவிடும். கருத்தடைக்காக இதைச் சாப்பிடும் பெண்களிடம் ஒரு நாள்கூட மறக்காதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்கிறோமே, எதற்காக? தொடர்ந்து சில நாள் விட்டாலே கரு தங்கிவிடலாம் என்பதற்காகத்தான். அவ்வளவு சீக்கிரம் வலுவிழக்கிற மருந்து, பத்து வருடம் கழித்து உங்கள் மகள் தாயாவதை எப்படித் தடுக்கும்?

இருந்தும் அந்த அட்டையை இன்றைக்குப் பிரிக்காதீர்கள். யூடியூப் சொன்ன எதுவும் அதற்குக் காரணம் இல்லை. முடி கொட்டுவதற்கும் கோயிலுக்கும் நடுவில், போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த மின்னல் கோடுதான் காரணம்.

ஒற்றைத் தலைவலி உள்ளவர்களில் சிலருக்கு வலி தொடங்குவதற்கு முன் பார்வையில் மாற்றம் வரும். வளைந்து நெளிந்த ஒளிக்கோடு ஒன்று ஓரத்தில் தோன்றி மெல்ல மெல்லப் பரவும். அது பரவுகிற இடத்தில் எழுத்துகள் மறைந்துபோகும். ஐந்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை இருந்துவிட்டுத் தானாகவே போய்விடும், பிறகு தலைவலி. சிலருக்கு விரல் நுனியிலிருந்து உதடு வரை மரத்துப்போகும், சிலருக்குப் பேச வார்த்தை சிக்காது. இதற்கு ஆரா என்று பெயர். உங்கள் மகளுக்கு வருவது இதுவாக இருந்தால், டாக்டர் எழுதிய மாத்திரை அவளுக்கு ஆகாது. அதில் உள்ள ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுகிறது. ஆரா உள்ளவர்களுக்குப் பக்கவாத வாய்ப்பு மற்றவர்களைவிட ஏற்கெனவே கொஞ்சம் அதிகம். இரண்டும் சேர்ந்தால் பல மடங்காகிறது. இளம் வயதில் பக்கவாதம் மிக அபூர்வம் என்பது உண்மைதான். ஆனால் ஒரு கேள்வியிலேயே தவிர்த்துவிடக்கூடிய ஆபத்தை எதற்குச் சுமக்க வேண்டும்?

எந்தக் கருத்தடை முறையை யாருக்குக் கொடுக்கலாம் என்பதை உலக சுகாதார நிறுவனம் நான்கு வகையாகப் பிரித்திருக்கிறது. 16 வயது முதல் வகையில் வருகிறது, அதாவது வயது ஒரு தடையே இல்லை. ஆராவுடன் வரும் ஒற்றைத் தலைவலி நான்காவது வகை. எந்த வயதிலும் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை கூடாது. நீங்கள் மகளின் வயதை நினைத்துக் கலங்கினீர்கள், தலைவலிக்குச் செல்போனைத் திட்டினீர்கள்.

கடிதத்தை வைத்து இது ஆராதான் என்று நான் முடிவு செய்ய முடியாது. ஹீமோகுளோபின் 8.4 இருக்கிற பெண்ணுக்குச் சட்டென்று எழுந்தால் கண் இருட்டும், பூச்சி பறக்கும். அது ஆரா இல்லை. தலைவலியின் நடுவில் பார்வை மங்கினால் அதுவும் இல்லை. மெதுவாகப் பரவுகிறதா, எவ்வளவு நேரம் இருக்கிறது, அது போன பிறகு வலி வருகிறதா என்று அவளிடம்தான் கேட்க வேண்டும். அடுத்த முறை வரும்போது கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்டதை ஒரு தாளில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். அந்தத் தாளையும் அவளையும் கூட்டிக்கொண்டு அதே மருத்துவரிடம் போங்கள்.

அவர் ஏன் இதை முதலிலேயே கேட்கவில்லை என்று உங்களுக்குக் கோபம் வரலாம். கேட்டிருக்க வேண்டும்தான். ஒருவேளை கேட்டுமிருப்பார். இப்படிப்பட்ட பெண்கள் என் அறைக்கு வரும்போது பெரும்பாலும் நடப்பதைச் சொல்கிறேன்: கடைசியாக எப்போது நாள் வந்தது என்று பெண்ணைப் பார்த்துக் கேட்பேன், பதில் அம்மாவிடமிருந்து வரும். எத்தனை நாப்கின் மாற்றுகிறாய் என்பேன்; அதற்கும் அம்மாதான். பெண் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்றால், ஒன்றுமில்லை டாக்டர் என்று அம்மாவே முடித்துவிடுவார். மின்னல் கோட்டைப் பார்த்தவள் அவள். இந்த முறை அவளே பேசட்டும். பத்து நிமிடம் மருத்துவருடன் தனியாக இருக்கட்டும், நீங்கள் வெளியே இருங்கள். வளரும் பெண்களை நாங்கள் இப்படித்தான் பார்க்க விரும்புகிறோம். அதில் உங்கள் மேல் குறை எதுவும் இல்லை.

சத்து மாத்திரை என்று பொய் சொல்லிக் கொடுக்கலாமா என்ற கேள்வி எனக்கு உண்மையிலேயே கோபத்தை வரவழைத்தது. கூடவே கூடாது. எந்த மாத்திரையானாலும் தன் வாயில் போடுவது என்னவென்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, காரணமில்லாமல் மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே சொல்ல வேண்டியவள் அவள்தான். சத்து மாத்திரை சாப்பிடுகிறோம் என்று நினைப்பவள் அதை எதற்குச் சொல்லப்போகிறாள்? பிளஸ் ஒன் படிக்கிற பெண்ணுக்கு அட்டையில் உள்ள பெயரைத் தேடிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அப்படித் தெரிந்துகொண்டால் அடுத்த தொந்தரவை உங்களிடம் சொல்லவும் மாட்டாள்.

உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். அமெரிக்காவில் இந்த வகை மாத்திரைக்கு 1957-ல் முதலில் அனுமதி கிடைத்தது மாதவிடாய்க் கோளாறுகளுக்காக. கருத்தடைக்கு அனுமதி வந்தது 1960-ல்தான். உலகம் முழுக்க, திருமணத்தைப் பற்றி யோசிக்கக்கூட வயதாகாத பெண்கள் ரத்தப்போக்குக்காக இதைச் சாப்பிடுகிறார்கள். மாத்திரை கொடுத்தால் பிள்ளை கெட்டுப்போவாள் என்ற பயம் அவருக்குள் இருந்தால், அதை வாய்விட்டுச் சொல்லட்டும். இந்த வயதில் 8.4 வைத்துக்கொண்டு பள்ளிக்கூட மாடிப்படி ஏறவே அவளுக்கு மூச்சு வாங்கும். மாதத்தில் பத்து நாள் சீருடையில் கறை படுமோ என்று பயந்துகொண்டே வகுப்பில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு வேண்டியது வைத்தியம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முறையான ஆய்வுகளில் இந்த மாத்திரையால் எடை குறிப்பிடும்படி கூடியதாகத் தெரியவில்லை. கேன்சர்: சினைப்பை, கர்ப்பப்பை உள்சவ்வுப் புற்றுநோய்களின் வாய்ப்பைக் குறைக்கிறது; மார்பகப் புற்றுநோயில் சாப்பிடும் காலத்தில் சிறு உயர்வு உண்டு, நிறுத்தினால் படிப்படியாக அது மறையும். கால் ரத்தக்குழாயில் உறைவது, மாத்திரை சாப்பிடாத 10,000 பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2 பேருக்கு. இந்த வகை மாத்திரைகளில் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் கலந்தவை சாப்பிட்டால் 5 முதல் 7 பேருக்கு. கர்ப்ப காலத்தில் இதைவிட அதிகம். நீர்க்கட்டி என்று ஸ்கேனில் எழுதியிருப்பவை அநேகமாக வளரும் முட்டைப் பைகள்தான். வயசுக்கு வந்து 8 ஆண்டு ஆகும் வரை ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) என்று முடிவு கட்ட வேண்டாம் என்கிறது 2023-ன் சர்வதேச வழிகாட்டுதல். முடி கொட்டுவதற்கு ரத்தசோகையே போதுமான காரணம். பரு இந்த வயதுக்கு உரியது.

ஆடி மாத மாத்திரைக்கு வருகிறேன். மருத்துவர் எழுதியதைப் பீரோவில் பூட்டிவிட்டு, யாரும் எழுதாததை மெடிக்கலில் கேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். அதுவும் ஹார்மோன்தான். பெரும்பாலும் நார்எதிஸ்டிரோன், நாளைக்கு மூன்று வேளை. அதில் ஒரு பகுதி உடம்புக்குள் போய் ஈஸ்ட்ரோஜனாகவே மாறுகிறது. ஒன்றும் ஆகவில்லை என்றால் சந்தோஷம். ஆனால் தலைவலி விஷயம் தெளிவாகும் வரை அந்த மாத்திரை வீட்டுக்குள் வரவே கூடாது. அதற்குப் பிறகும் மருத்துவர் எழுதாமல் வேண்டாம். கல்யாணம், கோயில் கொடை, தீர்த்த யாத்திரை என்று ஒவ்வொன்றுக்கும் சிறு பெண்களின் நாளைத் தள்ளிப்போடும் வழக்கம் எனக்குத் துளியும் பிடிக்கவில்லை.

ஆரா இல்லை என்று மருத்துவர் முடிவு செய்து, ரத்த அழுத்தமும் சரியாக இருந்தால், தைரியமாகத் தொடங்குங்கள். அவள் கையாலேயே, தினமும் ஒரே நேரத்தில். ஆரா உண்டு என்றால் வேறு வழிகள் இருக்கின்றன. ரத்தம் போகும் நாட்களில் மட்டும், ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தைக் கொடுக்கலாம், ஈஸ்ட்ரோஜன் இல்லாத ஹார்மோன் கொடுக்கலாம். எது என்பதை அவர் சொல்வார். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம், அடிக்கடி மூக்கில் ரத்தம், பல் பிடுங்கியபோது நிற்காத ரத்தம் இவற்றில் ஏதாவது உண்டா என்றும் சொல்லுங்கள். இந்த வயதில் இவ்வளவு போனால் ரத்தம் உறைவதில் பிறவிக் குறை இருக்கிறதா என்று சோதிக்க வேண்டியிருக்கும். தைராய்டையும் பார்ப்பார்கள்.

அதற்குள் ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்து தலை சுற்றினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு பக்கக் கை கால் சோர்ந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரை எதற்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. எழுதிக் கொடுத்திருந்தால் இன்றே தொடங்குங்கள், இல்லையென்றால் இந்த வாரமே கேட்டு வாங்குங்கள். காபி, டீயுடன் வேண்டாம், எலுமிச்சை ஜூஸுடன் கொடுக்கலாம். மலம் கறுத்துப் போகும், அதற்காக நிறுத்திவிடாதீர்கள். ஒரு மாதம் கழித்து ரத்தத்தை மறுபடி சோதியுங்கள். அளவு சரியான பிறகும் மூன்று மாதம் சாப்பிட வேண்டும்.