ஃபயர்வால் கொட்டேஷனில் எந்த வரியை அடிக்கலாம்? – அலுவலக விபிஎன் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி (திருப்பூர்): எங்கள் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் 12 பேர் விபிஎன் வழியாக, அதாவது அலுவலக நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான இணைப்பு வழியாக, வீட்டிலிருந்தும் வேலை பார்க்க வேண்டும். டீலர் கொடுத்த கொட்டேஷனில் மூன்று வரிகள்: ஃபோர்டிகேட் 40எஃப் (இன்டர்நெட் லைனுக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் நிற்கும் ஃபயர்வால் பெட்டி), மூன்று வருட யுடிபி (UTP) சந்தா, ‘25 பேர் விபிஎன் லைசென்ஸ்’. மூன்றும் தேவையா?

பதில்: மூன்றாவது வரிக்கு பார்ட் நம்பர் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அந்த வரி தானாகக் காணாமல் போகும். ஃபோர்டிகேட்டில் வெளியிலிருந்து நுழையும் விபிஎன்-க்கு ஆளுக்கு இவ்வளவு என்று லைசென்ஸ் கிடையாது. லேப்டாப்பில் போடும் ஃபோர்டிகிளையன்ட்டில் விபிஎன் மட்டும் உள்ள பதிப்பு இலவசம். அதற்குக் கம்பெனி சப்போர்ட் வராது, அவ்வளவுதான். டீலர் சொல்வது ஃபோர்டிகிளையன்ட் இஎம்எஸ் என்றால் அது வேறு சரக்கு. எல்லா லேப்டாப்பையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிப்பது, ஆன்டிவைரஸ் இல்லாத கணினியை உள்ளே விடாமல் தடுப்பது போன்ற வேலைகளுக்கானது. 12 பேருக்கு அது இல்லாமலே ஓட்டலாம். சோஃபோஸ் எக்ஸ்ஜிஎஸ் பெட்டிகளிலும் விபிஎன் அடிப்படை லைசென்ஸுக்குள்ளேயே அடங்கும். ஆனால் சோனிக்வால், சிஸ்கோ போன்றவற்றில் தலை எண்ணித்தான் காசு. அந்த பிராண்டு கொட்டேஷனில் இதே வரி இருந்தால் அது நியாயமான வரி.

இரண்டாவது வரியில் பேரம் பேச இடம் இருக்கிறது. யுடிபி என்பது வைரஸ், வெப்சைட் வடிகட்டல், தாக்குதல் தடுப்பு ஆகியவற்றுக்கான சந்தா. அலுவலக இன்டர்நெட் முழுவதையும் வடிகட்டப் போகிறீர்கள் என்றால் வாங்குங்கள். விபிஎன் மட்டும்தான் வேண்டும் என்றால் சப்போர்ட் ஒப்பந்தம் போதும், விலையும் இறங்கும். சப்போர்ட் ஒப்பந்தத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது முடிந்த பிறகும் விபிஎன் ஓடும்; பெட்டிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரின் புதுப் பதிப்புதான் வராது. ஃபர்ம்வேர் போடாத பெட்டி என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் உண்டு. ஃபோர்டிகேட்டின் எஸ்எஸ்எல் விபிஎன் என்ற வகையில் இருந்த ஓட்டைக்கு 2019-லேயே திருத்தம் வந்துவிட்டது. அப்படியும் 2021 செப்டம்பரில் சுமார் 87,000 பெட்டிகளின் விபிஎன் பாஸ்வேர்டுகள் இணையத்தில் கொட்டிக் கிடந்தன. திருத்தத்தைப் போட்டுவிட்டு பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டவர்களும் அதில் மாட்டினார்கள்.

டீலர் எழுதாமல் விட்ட வரி ஒன்று இருக்கிறது: இரண்டாம் அடையாளம், அதாவது மொபைலில் வரும் ஆறு இலக்க எண். ஃபோர்டிகேட்டோடு இரண்டு மொபைல் டோக்கன்கள்தான் இலவசம். மீதி பத்துப் பேருக்கும் வாங்க வேண்டும். வருடா வருடம் புதுப்பிக்கத் தேவையில்லாத டோக்கன் லைசென்ஸும் உண்டு, அதைக் கேளுங்கள். விபிஎன் லைசென்ஸ் என்று எழுதிய பணத்தை இங்கே போடுங்கள்.

இன்னொன்று, விபிஎன் எந்த வகை என்று கேளுங்கள். ‘எஸ்எஸ்எல் விபிஎன் போட்டுத் தருகிறேன்’ என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 2 ஜிபி நினைவகம் உள்ள 40எஃப், 60எஃப் போன்ற சிறிய மாடல்களில் ஃபோர்டிஓஎஸ் (ஃபோர்டிகேட்டின் ஃபர்ம்வேர்) 7.6.0-லிருந்தே அது எடுக்கப்பட்டுவிட்டது. 7.6.3-இல் எல்லா மாடல்களிலும் எஸ்எஸ்எல் டனல், அதாவது லேப்டாப்பை அலுவலகத்தோடு இணைக்கும் விபிஎன் பாதை, போய்விட்டது. பழைய பதிப்பில் போட்டுக்கொடுத்துவிட்டால், நாளைக்கு அப்கிரேடு செய்யும் அன்று அந்த அமைப்பு கூடவே வராது. 12 பேரும் ஒரே காலையில் வெளியே நிற்பார்கள். அதற்குப் பதிலான விபிஎன் வகை ஐபிசெக்; அதில் இரு முனைகளும் சாவி பரிமாறும் முறை ஐகேஇ. ‘ஐபிசெக், ஐகேஇ பதிப்பு 2’ என்று பர்சேஸ் ஆர்டரிலேயே எழுதுங்கள்.

வேகத்தைப் பொறுத்தவரை 40எஃப் தாராளம். ஆனால் விளம்பரத்தில் உள்ள 5 ஜிபிபிஎஸ் என்ற எண்ணைப் பார்க்காதீர்கள். எல்லா வடிகட்டலும் ஓடும்போது அதன் கணக்கு 600 எம்பிபிஎஸ். வீட்டிலிருப்பவருக்குக் கிடைக்கப்போவது அதுவும் அல்ல, உங்கள் அலுவலக லைனின் அப்லோடு வேகம்தான். 20 எம்பிபிஎஸ் அப்லோடு என்றால் 100 எம்பி கோப்பு ஒருவருக்கு இறங்கவே 40 விநாடி ஆகும். டவுன்லோடு 200, அப்லோடு 20 என்ற வகை பிளானில் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

கேள்வி (ஈரோடு): பெட்டி வந்துவிட்டது. ‘ஸ்டேட்டிக் ஐபி (மாறாத இன்டர்நெட் முகவரி) இல்லாமல் விபிஎன் வராது’ என்று இப்போதுதான் சொல்கிறார்கள். மாதா மாதம் கூடுதல் செலவு. தவிர்க்க முடியாதா?

பதில்: சில இடங்களில் தவிர்க்கலாம். முதலில் ரவுட்டரின் வான் (WAN, இன்டர்நெட் லைன் வரும்) பக்கத்தில் என்ன ஐபி இருக்கிறது என்று பாருங்கள். பிறகு ‘என் ஐபி என்ன’ என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தில் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களிடம் பொது ஐபி இருக்கிறது. அது அவ்வப்போது மாறினாலும் டைனமிக் டிஎன்எஸ் பெயர் (ஐபி மாறினாலும் புது ஐபியைக் காட்டும் பெயர்) ஒன்றை வைத்துச் சமாளிக்கலாம். ஃபோர்டிகேட்டுக்குள்ளேயே அந்த வசதி உண்டு.

ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் ஐபி தெரிந்தால் கதை வேறு. இணைய நிறுவனம் ஒரே பொது ஐபியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது என்று அர்த்தம். வெளியிலிருந்து யாரும் உங்கள் பெட்டியைத் தட்டவே முடியாது. டைனமிக் டிஎன்எஸ்-உம் பலிக்காது. ஸ்டேட்டிக் ஐபி வாங்குங்கள், இல்லாவிட்டால் லைனை மாற்றுங்கள். ஃபயர்வாலுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை இது. இரண்டு நிமிட வேலை.

10 அல்லது 192.168 என்று தொடங்கும் ஐபி ஃபயர்வாலின் வான் பக்கத்தில் தெரிந்தால், பெரும்பாலும் முன்னால் இருக்கும் ஃபைபர் மோடமே ரவுட்டராகவும் வேலை செய்கிறது. அதை பிரிட்ஜ் முறைக்கு (லைனை அப்படியே ஃபயர்வாலுக்குக் கடத்தும் முறை) மாற்றச் சொல்லிவிட்டு, பிபிபிஓஇ (இணைய நிறுவன லாகின்) பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் ஃபயர்வாலில் போடுங்கள். நிறுவனம் பிரிட்ஜுக்குச் சம்மதிக்கவில்லையா, ஐபிசெக் பயன்படுத்தும் யுடிபி (UDP; சந்தாவின் UTP அல்ல) போர்ட் 500, 4500 இரண்டையும் மோடமில் ஃபயர்வாலுக்குத் திருப்பிவிட்டால் போதும்.

கேள்வி (கோவை): ஃபோர்டிகிளையன்ட்டில் ‘கனெக்டெட்’ என்று வருகிறது. ஆனால் சர்வரில் உள்ள ஃபோல்டர் சிலருக்குத் திறக்கிறது, சிலருக்குத் திறக்கவில்லை. போட்டுக்கொடுத்தவர் ‘உங்கள் வீட்டு இன்டர்நெட் சரியில்லை’ என்கிறார்.

பதில்: ‘கனெக்டெட்’ என்று வந்த பிறகு இன்டர்நெட்டைக் குறை சொல்வது கடைசியில்தான். சிலருக்கு மட்டும் திறக்கவில்லை என்றதுமே கேட்க வேண்டிய கேள்வி: அலுவலக நெட்வொர்க் 192.168.1.0/24 (192.168.1 என்று தொடங்கும் முகவரிகள்) தானா? பந்தயம் கட்டலாம், அதுதான். வீட்டு ரவுட்டர்களில் பாதி 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்றுதான் பெட்டியிலிருந்து வருகின்றன. அலுவலக சர்வர் 192.168.1.10, வீட்டு நெட்வொர்க்கும் 192.168.1 என்றால், லேப்டாப் அந்த சர்வரை டனலுக்குள் தேடாது, வீட்டுக்குள்ளேயே தேடும். ஜியோஃபைபர் வைத்திருப்பவருக்கு வீட்டில் 192.168.29 என்று இருப்பதால் திறந்துவிடும். கூட வேலை பார்ப்பவருக்குத் திறக்கும், உங்களுக்குத் திறக்காது என்ற குழப்பம் இப்படித்தான் வருகிறது.

நிரந்தரத் தீர்வு, அலுவலக நெட்வொர்க்கை 10.37.5.0/24 போல யாரும் வைத்திருக்காத ஒன்றுக்கு மாற்றுவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலை இருக்கும். பிரின்டர், சிசிடிவி டிவிஆர், கைரேகை வைக்கும் அட்டெண்டன்ஸ் மெஷின் எல்லாவற்றிலும் ஐபியைக் கையால் போட்டிருப்பார்கள். அதில் அட்டெண்டன்ஸ் மெஷினை மறந்துவிட்டு மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு போடும்போது தேடுவது வழக்கமாக நடப்பது. அதுவரை தற்காலிகமாக, டனலுக்குள் போக வேண்டிய முகவரியாக முழு நெட்வொர்க்கையும் கொடுக்காமல் 192.168.1.10/32 என்று சர்வரை மட்டும் கொடுங்கள். ஒரே முகவரியைக் குறிக்கும் பாதைக்கு முன்னுரிமை என்பதால் பெரும்பாலும் வேலை செய்யும். வீட்டில் வேறொரு சாதனம் அதே 10-ஐ வைத்திருந்தால் மட்டும் சிக்கல் தொடரும்.

முகவரி மோதல் இல்லை என்றால் அடுத்து சர்வரின் விண்டோஸ் ஃபயர்வாலைப் பாருங்கள். கோப்புப் பகிர்வுக்கான விதி பிரைவேட், பப்ளிக் அமைப்புகளில் ‘லோக்கல் சப்நெட்’ என்று மட்டுமே அனுமதிக்கும். விபிஎன்-இல் வருபவருக்கு 10.77.20.15 போல வேறு வரிசையில் ஐபி கிடைப்பதால் சர்வர் அவரை வெளியாள் என்று தள்ளிவிடும். அந்த விதியில் விபிஎன் ஐபி வரிசையையும் சேர்க்க வேண்டும். ஃபயர்வாலையே அணைத்துவிடுவது பலர் செய்யும் குறுக்கு வழி. அதைச் செய்யாதீர்கள்.

மூன்றாவது, பெயர். சர்வரின் ஐபியைப் போட்டால் திறக்கிறது, பெயரைப் போட்டால் திறக்கவில்லை என்றால் விபிஎன் அமைப்பில் அலுவலக டிஎன்எஸ் (பெயரை ஐபியாக மாற்றித் தரும் சர்வர்) முகவரி கொடுக்கப்படவில்லை.

நான்காவது, ஃபோல்டர் திறக்கும். பெரிய கோப்பைத் தொட்டால் தொங்கிவிடும். இது பாக்கெட் அளவுப் பிரச்சினை. பிபிபிஓஇ லைனில் 1,500 பைட் போகாது, 1,492 தான். அதற்குள் ஐபிசெக் தன் உறையையும் போடுகிறது. விபிஎன் பாலிசியில் டிசிபி எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் போகும் டேட்டாவின் உச்சம்) அளவை 1,350-க்கு இறக்கினால் சரியாகும்.

கனெக்டே ஆகாதவர்கள் யாராவது இருந்தால் அதற்கும் வழக்கமான காரணங்கள் உண்டு. ஃபயர்வாலில் டிஹெச் குரூப் (சாவி பரிமாற்றத்துக்கான அமைப்பு) 14 இருக்கும், லேப்டாப்பில் 5 இருக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஐகேஇ பதிப்பு 2 என்றால் ஃபயர்வாலில் ஈஏபி (பயனரைச் சரிபார்க்கும் முறை) இயக்கப்பட்டிருக்க வேண்டும். பல பதிப்புகளில் அது விசார்டில் வராது, கட்டளை வரியில்தான் போட வேண்டும். பயனர் குழுவை விபிஎன் அமைப்பிலோ பாலிசியிலோ ஏதாவது ஓரிடத்தில் மட்டும் கொடுக்க வேண்டும். இரண்டிலும் கொடுத்தால் குழம்பும். பயனர்களை ஆக்டிவ் டைரக்டரியிலிருந்து (விண்டோஸ் சர்வரின் பயனர் பட்டியல்) எல்டாப் என்ற தேடல் முறை வழியாக எடுத்தால், பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் வழக்கமான எம்எஸ்சாப் முறை அதோடு சேராது. சர்வரில் ரேடியஸ் (பயனரைச் சரிபார்த்துச் சொல்லும் சேவை) போட்டு அதன் வழியாக எடுங்கள். ஓட்டல் வைஃபையில் மட்டும் கனெக்ட் ஆகவில்லை என்றால் அங்கே யுடிபி 500, 4500 அடைக்கப்பட்டிருக்கும். மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறிப் பாருங்கள்.

கேள்வி (சேலம்): விபிஎன் வழியாக டாலி ஆமை வேகம். அதற்கு முன் ரவுட்டரில் 3389 போர்ட்டைத் திறந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் ஓட்டியபோது வேகமாக இருந்தது. பழையபடி திறந்துவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். 3389-ஐ இணையத்துக்குத் திறந்து வைத்தால் உலகத்தின் ஏதோ மூலையிலிருந்து பாஸ்வேர்டை முயன்றுகொண்டே இருப்பார்கள். ரான்சம்வேர் உள்ளே நுழையும் முக்கிய வாசல்களில் அதுவும் ஒன்று.

நீங்கள் பார்த்த வேகம் ரிமோட் டெஸ்க்டாப்பின் வேகம். அதையே விபிஎன்-க்குள் வைத்துப் பயன்படுத்துங்கள். இப்போது அலுவலகத்தின் டேட்டா ஃபோல்டரை வீட்டுக் கணினியில் டிரைவாக மேப் செய்து டாலியை வீட்டில் ஓட்டுகிறீர்கள். ஒரு லெட்ஜரைத் திறக்கவும் டேட்டா கோப்பின் துண்டுகள் லைனில் போய்வந்துகொண்டே இருக்கும். நடுவில் லைன் அறுந்தால் டேட்டா கெடவும் வாய்ப்புண்டு. ரிமோட் டெஸ்க்டாப்பில் திரைப் படம் மட்டும்தான் வரும்.

வாங்கும்போது கவனிக்க: விண்டோஸ் ஹோம் பதிப்புள்ள கணினிக்குள் ரிமோட் டெஸ்க்டாப் மூலம் நுழைய முடியாது. புரோ பதிப்பில் ஒரே நேரத்தில் ஒருவர். ஒரே கணினியில் ஐந்து பேர் வேண்டும் என்றால் விண்டோஸ் சர்வரும் ஆளுக்கொரு ரிமோட் டெஸ்க்டாப் லைசென்ஸும் வேண்டும். ‘ஒரு சின்ன சாஃப்ட்வேர் போட்டால் புரோவிலேயே பத்துப் பேர்’ என்பவர் லைசென்ஸ் மீறலைத்தான் விற்கிறார். விண்டோஸ் அப்டேட் வரும்போது அது நின்றும் போகும்.

கேள்வி (மதுரை): இந்தியாவில் விபிஎன் வைத்தால் ஐந்து வருட விவரம் அரசுக்குத் தர வேண்டுமாமே?

பதில்: அது பொதுமக்களுக்கு விபிஎன் சேவை விற்பவர்களுக்கு. இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவில் உள்ள அந்தப் பிரிவு, நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்காக வைக்கும் விபிஎன்-ஐக் கட்டுப்படுத்தாது என்று பிறகு வந்த விளக்கத்திலேயே சொல்லப்பட்டுவிட்டது. ஆனால் அதே உத்தரவின் வேறு இரண்டு விஷயங்கள் உங்களுக்கும் பொருந்தும்: கணினி, ஃபயர்வால் பதிவேடுகளை (லாக்) 180 நாள் வைத்திருப்பது, சைபர் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது. 40எஃப்-இல் டிஸ்க் கிடையாது. மின்சாரம் போனால் பதிவேடும் போய்விடும். இலவச கிளவுட் கணக்கில் 7 நாள்தான் நிற்கும். சிஸ்லாக் (நெட்வொர்க் வழியாக வரும் பதிவேடு) வாங்கிக்கொள்ளும் ஒரு என்ஏஎஸ் (நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி) அலுவலகத்தில் இருந்தால் அதற்கு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி (நாமக்கல்): ஃபயர்வாலை டீலர் தன் சொந்த ஐடியில் பதிவு செய்துவிட்டார். அட்மின் பாஸ்வேர்டும் தரவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் விசிட் சார்ஜ். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காக வாங்கியவரை நுகர்வோர் என்று ஏற்பதில்லை. சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவருக்கு விலக்கு உண்டு. தனி ஆளாக ஆடிட்டிங் செய்பவர் வாதாடிப் பார்க்கலாம். 20 பேர் வேலை செய்யும் கம்பெனிக்குக் கடினம். 1915 என்ற தேசிய உதவி எண்ணில் கேட்டுப் பார்க்கலாம். உங்களுக்கு உண்மையான பலம் ஜிஎஸ்டி பில்தான். அதில் சீரியல் நம்பர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தப் பில்லோடு தயாரிப்பு நிறுவனத்தின் சப்போர்ட்டுக்கு எழுதி, பதிவை உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். கூடவே டீலருக்கு வக்கீல் நோட்டீஸ் ஒன்று. பெரும்பாலும் நோட்டீஸ் கிடைத்த வாரத்திலேயே பாஸ்வேர்டு வந்துவிடும்.

புதிதாக வாங்குபவர்கள் பர்சேஸ் ஆர்டரிலேயே எழுத வேண்டியவை: பதிவு வாங்குபவரின் மின்னஞ்சலில், ஊழியரின் ஜிமெயிலில் அல்ல; முழு அதிகாரமுள்ள அட்மின் கணக்கு வாங்குபவரிடம்; வேலை முடிந்ததும் கான்ஃபிகரேஷன் பேக்கப் கோப்பு; இரண்டு வெவ்வேறு வீட்டு லைன்களிலிருந்தும் ஒரு மொபைல் ஹாட்ஸ்பாட்டிலிருந்தும் கனெக்ட் செய்து சர்வர் ஃபோல்டரைத் திறந்து காட்டிய பிறகே கடைசி 20 சதவீதப் பணம். செகண்ட் ஹேண்ட் பெட்டி என்றால், சீரியல் நம்பர் வேறொருவர் கணக்கில் பதிவாகி இருக்கிறதா என்று தெரியாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.