பழைய தங்க வயலில் ஆணியும் ஈயமும் மட்டும்தான் கிடைக்கிறதா?

வாசகர் கேள்வி: மெல்பர்னில் இருக்கிறேன். நாணயம், நகை, தங்கம் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு வி.எல்.எஃப் (மிகக் குறைந்த அதிர்வெண்ணில் இயங்கும்) மெட்டல் டிடெக்டர் வாங்கி, விடுமுறை நாட்களில் பழைய தங்க வயல் ஊர்களான டனோலி, டார்னகல்லா பக்கத்துக் காடுகளில் தேடுகிறேன். தங்கம் தேடுவதற்கான மைனர்ஸ் ரைட் அனுமதியும் எடுத்திருக்கிறேன். இதுவரை கிடைத்தது ஆணி, ஈயக்குண்டு, துருப்பிடித்த தகரம் மட்டுமே. இருந்த தங்கத்தையெல்லாம் அந்தக் காலத்திலேயே எடுத்துவிட்டார்களா? விலை அதிகமான கருவிக்கு மாறினால்தான் கிடைக்குமா?

பதில்:

ஈயக்குண்டு கிடைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது நல்ல செய்தி. ஒரு சின்ன ஈயக்குண்டும் அதே அளவுத் தங்கத் துண்டும் டிடெக்டரில் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் கேட்கும். ஈயத்தைப் பிடிக்கிற கருவியும் கையும் தங்கத்தையும் பிடிக்கும். அதனால் புதுக் கருவி வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். மாற்ற வேண்டியது, அனேகமாக, நீங்கள் நின்று தேடுகிற இடம்.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்களா என்றால், நிச்சயமாக இல்லை. நீங்கள் போகும் பகுதியிலேயே சான்று இருக்கிறது. 1869-இல் மோலியாகலில் கிடைத்த வெல்கம் ஸ்ட்ரேஞ்சர் 70 கிலோவுக்கு மேல் எடை கொண்ட கட்டி. அது கிடந்தது தரைக்குக் கீழே சில சென்டிமீட்டரில், ஒரு மரத்தின் வேரடியில். அந்த வட்டாரத்தில் ஆயிரக்கணக்கானோர் ஏற்கெனவே தோண்டிப் போயிருந்த பிறகு கிடைத்தது அது. 1980-இல் கிங்கோவர் அருகே 27 கிலோ எடையுள்ள ஹேண்ட் ஆஃப் ஃபெய்த் கட்டி மெட்டல் டிடெக்டரில் சிக்கியது, சுமார் ஓரடி ஆழத்தில். 2023-இல்கூட விக்டோரியாவில் தங்க முக்கோணம் என்று சொல்லப்படும் பகுதியில் ஒருவர் 4.6 கிலோ கல் ஒன்றை எடுத்தார், அதற்குள் 2.6 கிலோ தங்கம் இருந்தது. அவர் வைத்திருந்தது மிக விலையுயர்ந்த கருவியும் அல்ல.

இவையெல்லாம் ஏன் விட்டுப்போயின என்று புரிந்துகொண்டால், எங்கே தேடுவது என்பது பாதி புரிந்துவிடும். 1851-இல் தங்க வேட்டை தொடங்கிய பிறகு வந்தவர்கள் மண்ணை அள்ளி, தண்ணீரில் கழுவித்தான் தங்கத்தைப் பிரித்தார்கள். ஒரு வண்டி மண்ணைக் கழுவினால் கூலிக்குக் கட்டுப்படியாகும் அளவுக்குத் தங்கம் வர வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துண்டு சிதறிக் கிடக்கும் மேட்டு நிலம் அவர்களுக்கு நஷ்டம். தண்ணீர் இல்லாத சரிவுகளும் அப்படியே. போதாக்குறைக்கு, பக்கத்தில் புதிதாகத் தங்கம் என்று செய்தி வந்தால் பாதி தோண்டிய குழியை விட்டுவிட்டு ஓடினார்கள். டிடெக்டர் மண்ணைக் கழுவ வேண்டியதில்லை. அவர்களுக்குக் கட்டுப்படியாகாத அந்த இடங்களே நமக்கானவை.

சரி, அவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய குழிகளின் ஓரத்தில் கொட்டப்பட்டிருக்கும் மண் மேட்டைப் பாருங்கள். மல்லக் என்று இங்கே சொல்வது இதைத்தான். தங்கம் தண்ணீரைவிட 19 மடங்கு அடர்த்தி. அது மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போய் அடிப்பாறையின் மேலோ, கெட்டிக் களிமண் மேலோ தங்கும். ஆகவே உங்களுக்குத் தெரிய வேண்டியது அடிப்பாறை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது. மேடு சின்னதாக, அதில் ஸ்லேட்டும் மணற்கல்லும் துண்டு துண்டாகக் கிடந்தால், குழி தோண்டியவர் சீக்கிரமே பாறையைத் தொட்டுவிட்டார் என்று அர்த்தம். அது உங்களுக்கேற்ற நிலம். மேடு பெரிதாக, வெள்ளைக் களிமண்ணும் உருண்டைக் கூழாங்கற்களுமாக இருந்தால் அங்கே தங்கம் பல மீட்டர் கீழே இருந்தது. எந்த டிடெக்டரும் அங்கே எட்டாது. பலரும் பெரிய மேடுகளைப் பார்த்ததும் 'இங்கேதான் நிறைய எடுத்திருக்கிறார்கள்' என்று அங்கேயே சுற்றுகிறார்கள். எடுத்தது உண்மைதான், ஆனால் உங்களுக்கு மிச்சம் இருக்கிற இடம் வேறு.

குழிகள் ஒரு பள்ளத்தாக்கின் வழியே வரிசையாகப் போகும். அந்த வரிசையை மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டு நடங்கள். போகப்போகக் குழிகளின் ஆழம் குறையும், பிறகு வெறும் சுரண்டல்களாகும், ஓரிடத்தில் நின்றுவிடும். அவர்கள் நிறுத்திய அந்த இடத்திலிருந்து மேலே, இரண்டு பக்கச் சரிவிலும், நிதானமாகத் தேடுங்கள். பள்ளத்தில் கிடைத்த தங்கம் மேலே எங்கோ பாறைக்குள் ஓடும் ஒரு குவார்ட்ஸ் (வெள்ளைப் படிகக்கல்) நரம்பிலிருந்து உடைந்துதான் வந்திருக்கும். விக்டோரியாவில் இந்த நரம்புகள் பெரும்பாலும் வடக்கு-தெற்காக ஓடும். சரிவில் வெள்ளைக் குவார்ட்ஸ் சில்லுகள், அதிலும் இரும்புக்கறை படிந்தவை, ஒரு கோட்டில் கிடந்தால் அதற்குக் கீழ்ப்பக்கத்தை விடாதீர்கள். கிடைக்கிற துண்டே ஒரு துப்பு. ஓரங்கள் மழுங்கி வழவழப்பாக இருந்தால் வெகுதூரம் உருண்டு வந்தது. சொரசொரப்பாக, குவார்ட்ஸ் ஒட்டியபடி இருந்தால் பிறந்த இடம் பக்கத்தில் இருக்கிறது.

மேலாக மண்ணைச் சுரண்டி எடுத்துப்போய்க் கழுவிய இடங்களும் உண்டு. மரங்களுக்கிடையே தரை ஓரடி பள்ளமாக, மொட்டையாகத் தெரியும். அதன் நடுவைவிட ஓரம் முக்கியம், அவர்கள் விட்டுப்போன மண் அங்கேதான் தொடங்குகிறது. மல்லக் மேடுகளில் இன்னொரு நுணுக்கம்: குழியிலிருந்து கடைசியாக வெளியே வந்த மண், அதாவது அடிப்பாறையை ஒட்டிய மண், மேட்டின் உச்சியில் இருக்கும். களிமண் கட்டிக்குள் ஒளிந்த துண்டுகள் சில சமயம் அப்படியே வீசப்பட்டிருக்கும். உச்சியையும், மழையில் அது கரைந்து இறங்கிய பக்கத்தையும் கேட்டுப் பாருங்கள். ஆனால் குதிரையைக் கட்டி மண் கலக்கிய வட்டப் பள்ளங்கள், கல் சுவர்கள், அடுப்புக் கட்டுமானங்கள் ஆகியவற்றைத் தோண்டக் கூடாது. அவை பாதுகாக்க வேண்டிய வரலாற்றுத் தடங்கள்.

இப்போது கருவிக்கு வருவோம். டிடெக்டர் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. உலோகத்தில் அது சுழல் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அந்த மின்னோட்டத்தின் எதிரொலியைத்தான் நாம் சத்தமாகக் கேட்கிறோம். சிக்கல் என்னவென்றால், தங்க வயல் மண்ணில் மேக்னடைட், மேக்ஹமைட் போன்ற இரும்புத் தாதுக்கள் நிறைய. அவையும் பதில் கொடுக்கின்றன. வி.எல்.எஃப் கருவி இடைவிடாமல் புலத்தை அனுப்பிக்கொண்டே கேட்பதால் மண்ணின் இரைச்சல் அதில் அதிகம் கலக்கும். பல்ஸ் இண்டக்‌ஷன் கருவியோ ஒரு துடிப்பை அனுப்பி, நிறுத்தி, அதற்குப் பிறகு எது எவ்வளவு வேகமாக அடங்குகிறது என்று கேட்கும். செம்மண், இரும்புக்கல் நிலத்தில் இதற்கு ஆழம் கூடுதல். ஆகவே நீங்கள் கேட்ட கேள்விக்கு நேரான பதில்: ஆம், விலை அதிகமான அந்தப் பல்ஸ் வகைக் கருவி இந்த மண்ணில் மேல். ஆனால் இரும்பா மற்றதா என்று பிரித்துச் சொல்வதில் அது பலவீனம், இன்னும் அதிகமாக ஆணி தோண்ட வேண்டிவரும். தங்கம் இருக்கும் நிலத்தைக் கண்டுபிடித்த பிறகு அதை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், அப்புறம் வாங்குவதைப் பற்றி முடிவெடுக்கலாம்.

உங்கள் கையிலிருக்கும் கருவியிலேயே செய்ய வேண்டியவை சில உண்டு. டிஸ்கிரிமினேஷனை, அதாவது இரும்பை ஒதுக்கிக் காட்டும் வசதியை, அணைத்துவிடுங்கள். இரும்பு கலந்த மண்ணில் சின்னத் தங்கத்தைக் கருவி இரும்பு என்றே காட்டும். திரையில் வரும் எண்ணை நம்பிப் பலர் தங்கத்தைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். மண்ணின் இரைச்சலுக்கேற்பக் கருவியைச் சமன்செய்யும் கிரவுண்ட் பேலன்ஸை, மண்ணின் நிறம் மாறும்போதெல்லாம் மறுபடி செய்யுங்கள். கருவி அலறினால் சென்சிட்டிவிட்டியைக் குறையுங்கள், அமைதியாக ஓடும் கருவியில்தான் மெல்லிய சத்தம் கேட்கும். ஹெட்ஃபோன் கட்டாயம். காயில் (coil, கருவியின் அடியில் இருக்கும் தட்டு) தரையை உரசுகிற மாதிரி இருக்க வேண்டும், வீச்சின் இரு முனையிலும் உயரக் கூடாது, ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். மிகமிக மெதுவாக. அரை கிராம் துண்டை ஒரு சாண் ஆழத்தில் பல கருவிகள் தவறவிடும் என்பதால், இரண்டு சென்டிமீட்டர் இடைவெளிகூடப் பெரிய இழப்புதான். இலைச் சருகையும் குச்சிகளையும் முதலில் காலால் ஒதுக்கிவிட்டால் அந்த இரண்டு சென்டிமீட்டர் சும்மா கிடைக்கும்.

காதைப் பழக்க ஒரு வழி: நீங்கள் எடுத்த ஈயக்குண்டு ஒன்றைத் தட்டிச் சப்பையாக்கி, தேடுகிற அதே மண்ணில் கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் கூட்டிப் புதைத்துக் கேளுங்கள். எந்த ஆழத்தில் சத்தம் தேய்ந்து, பின்னணி ஓசையில் ஒரு சின்ன அசைவாக மட்டும் மிஞ்சுகிறதோ, அந்த அசைவைத்தான் இனித் தேட வேண்டும். தெளிவாகக் கத்துகிற சிக்னல்களை உங்களுக்கு முன்னே வந்தவர்கள் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். சந்தேகமாக ஒன்று கேட்டால் காலால் இரண்டு சென்டிமீட்டர் மண்ணைச் சுரண்டிவிட்டு மறுபடி கேளுங்கள். மண் இரைச்சலானால் மறையும், உலோகமானால் சத்தம் கூடும். சூட்டுக்கல் என்று நாங்கள் சொல்லும் இரும்புக்கற்களும் ஏமாற்றும். காந்தத்தில் ஒட்டினால் ஒதுக்குங்கள், ஆனால் குவார்ட்ஸ் ஒட்டிய கல் சத்தம் கொடுத்தால் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

தோண்டும் மண்வெட்டியில் வலுவான காந்தம் ஒன்றைப் பொருத்தினால் ஆணிகளைத் தேடி எடுக்கும் நேரத்தில் பாதி மிச்சமாகும். இரும்பு முனை வைத்த பூட்ஸ் போட்டிருந்தால் மாற்றுங்கள், காயில் காலருகே வரும்போதெல்லாம் அது கத்தும். கைப்பேசியையும் தள்ளி வையுங்கள்.

மைனர்ஸ் ரைட் பற்றி. 1854 டிசம்பரில் பல்லராட்டில் தங்கம் தோண்டியவர்களின் யுரேக்கா கிளர்ச்சி நடந்த மறு ஆண்டே, மாதாமாதம் கட்டிய கொடுமையான உரிமக் கட்டணத்துக்குப் பதிலாக வந்தது இது. இன்று பத்து ஆண்டுக்குச் செல்லும், கிடைக்கும் தங்கம் உங்களுடையது. ஆனால் அது எல்லா இடத்துக்குமான அனுமதி அல்ல. தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் தடை, சில பூங்காக்களில் குறிப்பிட்ட பகுதிகளில் மட்டும் அனுமதி. தனியார் நிலத்துக்கு உரிமையாளரின் சம்மதம் வேண்டும், சுரங்க உரிமம் உள்ள நிலத்துக்கு உரிமம் வைத்திருப்பவரின் சம்மதம் வேண்டும். கிளம்பும் முன் மாநில அரசின் ஜியோவிக் வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். கைக்கருவிகள் மட்டும், தோண்டிய குழியை உடனே மூட வேண்டும், மரம் செடிகளைச் சேதப்படுத்தக் கூடாது. பழங்குடி மக்களின் கற்கருவிகளோ தடங்களோ கண்ணில் பட்டால் தொடாமல் விலகிவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்வேன். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி பின்னால் நகராதீர்கள். இந்தக் காடுகளில் மூடாத செங்குத்துக் குழிகள் எண்ணற்றவை, சிலவற்றின் வாயைப் புதரும் உளுத்த மரமும் மறைத்திருக்கும். விளிம்பு மண் இறுகியதுபோல் தெரியும், கால் வைத்தால் சரியும். தனியாகப் போனால் எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கோடையில் பாம்பும் காட்டுத்தீயும். தாதுக்கல்லை அரைத்த பழைய ஆலைகள் இருந்த இடத்துச் சாம்பல்நிற மணலில் ஆர்சனிக் இருக்கலாம். அதைக் கிளறாதீர்கள், குழந்தைகளை அதில் விளையாட விடாதீர்கள், கை கழுவாமல் சாப்பிடாதீர்கள்.

முதல் துண்டு கிடைத்ததும் இடம் மாறத் தோன்றும். மாறாதீர்கள். தங்கம் கூட்டமாகக் கிடக்கும் வழக்கமுள்ளது. கிடைத்த புள்ளியைச் சுற்றிப் பத்து மீட்டரைக் கோடு போட்டுப் பிரித்து, ஒரு முறை கிழக்கு மேற்காகவும் மறுமுறை வடக்கு தெற்காகவும் தேடுங்கள்.

கிடைத்தது குவார்ட்ஸுக்குள் தங்கமாக இருந்தால் உடைக்காமலே அளவு தெரிந்துகொள்ளலாம். கல்லைத் தராசில் நிறுத்துங்கள். பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்துங்கள். எடை எத்தனை கிராம் குறைகிறதோ, அத்தனை கன சென்டிமீட்டர்தான் கல்லின் கன அளவு. காற்றில் 50 கிராம், தண்ணீரில் 40 என்றால் கன அளவு 10. அது முழுக்கக் குவார்ட்ஸாக இருந்தால் 26.5 கிராம்தான் இருந்திருக்கும். மீதி 23.5-ஐ 1.16-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 27 கிராம் தங்கம். கல்லில் வேறு தாதுக்கள் இருந்தால் கணக்கு மாறும், ஆனாலும் விற்கப் போகும்போது கையில் ஒரு எண் இருக்கும். குவார்ட்ஸைக் கரைக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை வீட்டில் தொடவே வேண்டாம், அது தோல் வழியாக உள்ளே போய் உயிரையே எடுக்கும். அழகான கல்லைச் சேகரிப்பாளர்கள் கல்லோடே, பெரும்பாலும் தங்கத்தின் எடைக்கு மேலான விலைக்கு, வாங்கிக்கொள்வார்கள்.