நெஸ் சண்டையில் சும்மா நிற்பது பழுதன்று

வணக்கம். ‘எர்த்பவுண்ட்’ வீடியோ ஆட்டத்தில் நாயகன் நெஸ் சண்டையின் நடுவே கட்டளையை ஏற்காமல் சும்மா நிற்கிறான், சேமிப்புக் கோப்பு கெட்டுவிட்டதோ என்று திருவையாற்றிலிருந்து கேட்டிருந்தீர்கள். ஒன்றும் கெடவில்லை, பையனுக்கு வீட்டு ஏக்கம் வந்திருக்கிறது. அருகிலுள்ள தொலைபேசிக்குச் சென்று அம்மாவுடன் பேசவையுங்கள், சரியாகிவிடும்.

ஜப்பானில் 1994இலும் அமெரிக்காவில் 1995இலும் வெளிவந்த இந்த ஆட்டம் இன்னும் ஈர்ப்பதற்கு, என் கணிப்பில், இத்தகைய குறும்புகளே காரணம். இத்தகைய ஆட்டங்களில் வாளும் கோட்டையும் மலிந்திருந்த காலத்தில், இதை உருவாக்கிய ஷிகெசாடோ இடோய் தம் நாயகனின் கையில் பேஸ்பால் மட்டையைக் கொடுத்து, தொலைபேசியில் குரலாக மட்டுமே வரும் அப்பாவிடம் ஆட்டத்தைச் சேமிக்கும் வேலையை ஒப்படைத்தார். மயிலாடுதுறையிலிருந்து தஞ்சாவூர் விடுதிக்குப் படிக்கப் போய், ஞாயிறு மாலைகளில் ஒரு ரூபாய் நாணயத்தோடு தொலைபேசி வரிசையில் நின்ற எனக்கு நெஸ்ஸின் ஏக்கம் வேடிக்கையாகவே படவில்லை. தொடக்கத்தில் பிடித்த உணவைக் கேட்டபோது உங்கள் ஊர் அசோகாவை ஆங்கில எழுத்துகளில் உள்ளிட்டேன்; வீடு திரும்பும்போதெல்லாம் அந்த அமெரிக்கத் தாய் மகனுக்கு அசோகாவே பரிமாறினார்.

இன்னொன்று: மரண அடி விழுந்தாலும் உயிர் எண் உடனே பூஜ்யமாவதில்லை, பெட்ரோல் பங்க் மீட்டர்போல் உருண்டே இறங்கும், அதற்குள் குணப்படுத்திவிட்டால் நெஸ் பிழைத்துக்கொள்வான். அம்மாவிடம் பேசிய கையோடு அப்பாவையும் அழைத்துச் சேமித்துவிடுங்கள்.