எடுக்கிறவரே சுவருக்குப் பின்னாடி ஓடுறாரு, அப்ப என் புள்ளைக்கு?

வாசகி ஒருத்தங்க கேட்டிருக்காங்க: "7 வயசு பையன் சைக்கிள்ல இருந்து விழுந்து முன்கைல ரெண்டு எலும்பும் முறிஞ்சு மாவுக்கட்டு போட்டிருக்கோம். ரெண்டு மாசத்துல அஞ்சு தடவை எக்ஸ்ரே எடுத்தாச்சு. எடுக்கிறவர் மட்டும் ஒவ்வொரு தடவையும் சுவருக்குப் பின்னாடி போய் நின்னுக்கிறார். எக்ஸ்ரேல உடம்பு சூடு ஏறிடும்னு மாமியார் தினம் இளநி குடுக்கிறாங்க. நான் இப்ப மூணு மாசம், போன தடவை நான்தான் பையனைப் பிடிச்சிருந்தேன். அடுத்த எக்ஸ்ரே வேணாம்னு சொல்லிடலாமா?"

சொல்லாதீங்கம்மா, எடுங்க. ஆனா உள்ள நீங்க போகாதீங்க, பையனோட அப்பாவ அனுப்புங்க. ஏன்னு சொல்றேன், 20 வருஷமா அந்த சுவருக்குப் பின்னாடி நிக்கிற ஆள்தான் நான்.

முதல்ல மாமியாரோட சூட்டைப் பார்ப்போம், அவங்க சொல்றதுல பாதி சரி. அந்த மிஷினுக்குள்ள ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கு, ஒரு பக்கம் பழைய குண்டு பல்புல இருக்கிற மாதிரி கம்பிச்சுருள், அது சூடானா எலக்ட்ரான் கிளம்பும், அதை கைக்கு எடுக்கிறப்ப சுமார் 50,000 வோல்ட் குடுத்து எதிர்ல இருக்கிற டங்ஸ்டன் தகடு மேல மோத விடுறோம். மோதின வேகத்துல கிட்டத்தட்ட 99 சதவீதம் வெறும் சூடாப் போயிடும், மிச்சம் ஒரு சதவீதம்தான் எக்ஸ்ரே. ஒரே இடத்துல அடிச்சா தகடு உருகிடும்னுதான் பெரிய மிஷின்கள்ல அதைச் சுத்த விடுறது, படம் எடுக்கிறதுக்கு முன்னாடி 'உர்ர்ர்'னு ஒரு சத்தம் கேட்டிருப்பீங்களே, அது அந்தத் தகடு சுத்துற சத்தம். ஆக சூடு எல்லாம் குழாயோட நின்னுடுது, பையன் மேல வரலை. இளநி குடிக்கட்டும், நல்லதுதான், எக்ஸ்ரேக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

அப்புறம் கை மேல மஞ்சளா ஒரு வெளிச்சம் பிளஸ் குறியோட விழுமே, நிறைய பேர் அதான் எக்ஸ்ரேன்னு நினைச்சு குழந்தை கண்ணைப் பொத்துறாங்க. அது சாதா பல்பு வெளிச்சம், கதிர் எங்க விழப்போகுதுன்னு காட்டுறதுக்கு. உண்மையான எக்ஸ்ரே கண்ணுக்குத் தெரியாது, ஒரு செகண்டுல நூத்துல சில பங்கு நேரம்தான் வரும், பட்டன்ல இருந்து கையை எடுத்ததும் லைட் அணைஞ்ச மாதிரி போயிடும், உடம்புலயோ ரூம்லயோ தங்காது. ஒண்ணு வேணா கவனிங்க, அந்த வெளிச்சக் கட்டம் கையைத் தாண்டி வயித்து வரைக்கும் விழுந்தா "கைக்கு மட்டும் சுருக்குங்க சார்"னு சொல்லலாம், அதுல தப்பே இல்ல.

இப்ப கணக்கு. ஒரு தடவைக்கு ரெண்டு ஷாட், நேர ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு (வளைஞ்ச குச்சியை மேல இருந்து பார்த்தா நேராத்தான் தெரியும், அதனாலதான் ரெண்டு), ஆக அஞ்சு தடவைக்கு பத்து ஷாட். கை கால் எக்ஸ்ரேல ஒரு ஷாட்டுக்கு சுமார் 0.001 மில்லிசீவர்ட் (உடம்புக்கு வர்ற கதிர்வீச்சை அளக்கிற அலகு அது), பத்துக்கு 0.01. மண்ணுல இருந்தும் வானத்துல இருந்தும் சாப்பாட்டுல இருந்தும் நம்ம எல்லாருக்கும் தானா வர்ற கதிர்வீச்சு உலக சராசரியா வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட். அப்படின்னா பையன் ரெண்டு மாசத்துல வாங்கினது சும்மா வீட்ல உக்காந்திருந்தாலே ஒன்றரை நாள்ல வர்ற அளவு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி பக்கம் கடற்கரை மணல்லயே கதிர் வீசுற தோரியம் இருக்கு, அங்க இருக்கிறவங்களுக்கு இன்னும் கூடவே வரும்.

அப்ப நான் ஏன் ஓடுறேன்? உங்க பையனுக்கு பத்து ஷாட், எனக்கு ஒரு நாளைக்கு நூறு, அப்படியே வருஷம் பூரா, 20 வருஷமா. உடம்புல பட்டு சிதறுற கதிர் ஒரு மீட்டர் தள்ளி நின்னா ஆயிரத்துல ஒரு பங்குதான், ஆனாலும் சேரும்ல. என் சட்டைல குத்தியிருக்கிற பேட்ஜை மூணு மாசத்துக்கு ஒரு தடவை அனுப்பி அளந்து பார்க்கிறாங்க, அஞ்சு வருஷ சராசரியா வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட் தாண்டக்கூடாதுங்கிறது சட்டம். இந்தப் பயம் சும்மா வந்ததில்ல, 1895ல ராண்ட்ஜென் கண்டுபிடிச்ச புதுசுல எல்லாரும் விளையாட்டு மாதிரி வெறும் கையை நீட்டி டெஸ்ட் பண்ணாங்க, எடிசன்கிட்ட வேலை பார்த்த கிளாரன்ஸ் டாலிங்கிறவர் அப்படிக் கதிர் பட்டுப் பட்டே புற்றுநோய் வந்து, ரெண்டு கையையும் வெட்டி எடுத்தும் பிழைக்காம 1904ல செத்துப் போனாரு.

உங்க வயித்துல இருக்கிற குழந்தைக்கு வருவோம். பயப்படாதீங்க. கருவுக்கு குறைபாடு வரும்னு பேசவே சுமார் 100 மில்லிகிரே படணும் (இதுவும் கதிர்வீச்சு அளவுதான், எக்ஸ்ரேயைப் பொறுத்தவரை மில்லிசீவர்ட் மாதிரியே வச்சுக்கலாம்), கை எக்ஸ்ரேல பக்கத்துல நின்னவங்க வயித்துக்குப் போறது அதுக்குப் பக்கத்துலயே வராது. ஆனா தேவையில்லாம எதுக்கு, உள்ள போறதுக்கு முன்னாடியே மாசமா இருக்கேன்னு சொல்லிடுங்க, கேக்காம விட்டது எங்க ஆளுங்க தப்பு. அப்பா பிடிக்கிறதா இருந்தாலும் அந்த கனமான ஈய ஏப்ரனை மாட்டிக்கிட்டுத்தான் பிடிக்கணும்.

நான் உண்மைல பயப்படுறது சிடி ஸ்கேனுக்கு. நெஞ்சுக்கு ஒரு சாதா எக்ஸ்ரே 0.02 மில்லிசீவர்ட், அதே நெஞ்சுக்கு சிடி எடுத்தா 6, 7 வரும், அதாவது முன்னூறு எக்ஸ்ரே ஒரே மூச்சுல. பிள்ளைங்களுக்கு செல் வேகமாப் பிரியுது, ஆயுசும் நீளம், அதனால நம்மள விட அவங்களுக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி. 2012ல இங்கிலாந்துல வந்த ஆய்வுல, பத்து வயசுக்குள்ள தலைக்கு சிடி எடுத்த 10,000 பிள்ளைங்கள்ல அடுத்த பத்து வருஷத்துல கூடுதலா ஒருத்தருக்கு ரத்தப் புற்றுநோயும் ஒருத்தருக்கு மூளைக் கட்டியும் வரலாம்னு கணக்குப் போட்டிருந்தாங்க. சின்ன எண்ணிக்கைதான், அடிபட்டு மயங்கி வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு கண்ணை மூடிக்கிட்டு எடுக்கணும். ஆனா லேசா நெத்தி வீங்கினதுக்கு "எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க டாக்டர்"னு அப்பா அம்மாவே கெஞ்சி நிக்கிறதை வாரத்துல ரெண்டு பார்க்கிறேன், கை எக்ஸ்ரேக்கு பதறுறதும் அதே ஆளுங்கதான்.

உங்க பையனுக்கு ரெண்டு மாசம் ஆச்சு, முறிஞ்ச இடத்துல புது எலும்பு வெள்ளையா கூடியிருக்கான்னு பார்த்துட்டுதான் டாக்டர் முடிவு சொல்வார், அதுக்கு படம் வேணும். பழைய ஃபிலிம் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. பையன்கிட்ட மட்டும் சொல்லி வைங்க, 'உர்ர்ர்'னு சத்தம் வந்ததும் ஸ்டேச்சூன்னு. ஆடினாத்தான் திரும்ப ஒரு ஷாட் எடுக்க வேண்டி வரும்.