நறுக்கிய பின் கழுவலாமா?

கேள்வி: காய்கறிகளை நறுக்கித் தண்ணீரில் போட்டு வைப்பதும், வேகவைத்த நீரை வடித்துவிடுவதும் என் வழக்கம். இதனால் சத்து வீணாகிறது என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். வைட்டமின் சியும் ஃபோலேட் உள்ளிட்ட பி வகை வைட்டமின்களும் நீரில் கரையக்கூடியவை என்பதால், ஊறும் தண்ணீரிலும் வேகும் தண்ணீரிலும் வெட்டுமுகங்களின் வழியே இறங்கிவிடுகின்றன. துண்டு சிறிதாகச் சிறிதாக இழப்பும் கூடுகிறது. கீரை வெந்த நீரை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிப் பாருங்கள்: அந்த இளம்பச்சை நிறத்தோடு பொட்டாசியமும் கலந்திருக்கும். ஆகவே காயை முழுதாகக் கழுவி, சமைக்கும் நேரத்தில் சற்றுப் பெரிதாக நறுக்கி, மூடிய பாத்திரத்தில் குறைந்த நீரிலோ ஆவியிலோ வேகவிடுங்கள். மிஞ்சும் நீரைச் சூப்பில் சேர்த்துவிடலாம். சிறுநீரக நோய்க்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தால் மட்டும், நீரை வடிப்பதே சரி.

அதற்காக எல்லாவற்றையும் பச்சையாகவே உண்ண வேண்டும் என்று தயவுசெய்து எண்ணிவிடாதீர்கள். கேரட்டிலுள்ள, உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் என்ற சத்து கொழுப்பில் கரைவது. காய் வெந்து செல்சுவர்கள் நெகிழ்ந்து, உடன் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் சேரும்போது உடல் அதை இன்னும் நன்றாக உறிஞ்சிக்கொள்கிறது.