இழுவை இல்லாத, பொருந்தாத எஞ்சின் போட்ட பழைய காரை ஏன் தேடி வாங்குகிறார்கள்?

இலங்கையின் வடக்கே மாங்குளத்தில், மொறிஸ் மைனர் என்ற பழைய பிரித்தானியச் சிறு காரைப் பார்த்துவிட்டு இதைக் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கார் பிறந்ததே பொருந்தாத எஞ்சினோடுதான். அதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ், சிலிண்டர்கள் படுத்தபடி இருக்கும் அகலமான புது எஞ்சினை மனதில் வைத்தே முன்பக்கத்தை அமைத்தார். அது கைகூடவில்லை. 1948இல் கார் வெளிவந்தபோது, இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய மொறிஸ் எய்ட் காரின் 918 சிசி எஞ்சின்தான் உள்ளே இருந்தது. 1952இல் வந்த 803 சிசி எஞ்சினுக்கும் வலு 30 குதிரைவலுதான். மணிக்கு 100 கிலோமீற்றரை எட்டவே மூச்சு வாங்கும். ஆனால் பொனற்றைத் திறந்தால் இருபக்கமும் கை தாராளமாகப் போகும். வீட்டு வாசலிலேயே கழற்றிப் பூட்டலாம்.

எங்கள் பக்கம் இதற்கு இன்னொரு மதிப்பும் உண்டு. உள்நாட்டுப் போரின்போது வடக்குக்கு விதித்த பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லை. சிலிண்டருக்குள் எரிபொருள் கலவையை அதிகம் அழுத்தாத, அதாவது அமுக்க விகிதம் குறைந்த இந்தப் பழைய எஞ்சின்கள்தான் மண்ணெண்ணெயில் ஓடின. எஞ்சின் சூடேறாதபோது மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது என்பதால், எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேற்றரில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறியபின் மாற்றுவார்கள். எரியாத மிச்சம் எஞ்சின் ஒயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும், புகையும் தள்ளும். இருந்தாலும் நோயாளியையும் நெல் மூட்டையையும் ஏற்றிப் போனது அதுதான். அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை.

சரி, வாங்குவதென்றால் பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கம் உள்ளே இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். டீசல் எஞ்சின் மாற்றிப் போட்டிருந்தால் நான் ஒதுக்கமாட்டேன். அதுவும் அந்தக் காரின் வரலாறுதான்.