கேள்வி நேரம்: அதை முதலில் பார்த்தவர் யார்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மானிடவியல், நாட்டார் வழக்காற்றியல் மாணவர்களுடையவை. எந்தக் களஞ்சியத்தைப் புரட்டுவது, எதை எவ்வளவு நம்புவது என்று ஒரே கேள்வியைத்தான் ஆளுக்கு ஒரு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். அதனால் மற்றவற்றை ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: இளங்கலையில் தமிழ் இலக்கியம் படித்துவிட்டு முதுகலையில் மானிடவியலுக்கு வந்திருக்கிறேன். வகுப்பில் கொடுத்த நூல் பட்டியல் முழுக்க ஆங்கிலம், விலையும் பல ஆயிரம். எதிலிருந்து தொடங்கலாம்? (மாணவி, மதுரை)

பதில்: முதலில் அந்தப் பட்டியலைப் பார்த்து மலைப்பதை விடுங்கள். அதில் பாதி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பதற்கான புத்தகங்களே அல்ல, தேவைப்படும்போது எடுத்து, இரண்டு பக்கம் பார்த்துவிட்டு மூடி வைக்க வேண்டியவை.

தமிழில் பக்தவத்சல பாரதியின் ‘பண்பாட்டு மானிடவியல்’ இருக்கிறது. பாடநூல்தான், ஆனால் கால்வழி, குலம், புறமணம், முறைப்பெண் மணம் எல்லாம் என்ன என்று ஆங்கிலத்தில் முட்டிக்கொள்வதற்கு முன் இதில் ஒருமுறை படித்துவிட்டால் பாதிச் சுமை இறங்கிவிடும். அப்புறம் ஆங்கிலத்துக்குப் போகலாம். ஆலன் பர்னார்டும் ஜோனதன் ஸ்பென்சரும் தொகுத்து 1996ல் வந்த மானிடவியல் கலைக்களஞ்சியம் ஒரே தொகுதி, அகரவரிசை, ஒவ்வொரு கட்டுரையும் சில பக்கங்கள்தான். ஸ்பென்சர் இலங்கையில் ஒரு சிங்களக் கிராமத்தில் கள ஆய்வு செய்தவர், ஆகவே தெற்காசியா அதில் ஒப்புக்குச் சப்பாணியாக இல்லை. 2018ல் ஹிலரி காலன் தலைமையில் 12 தொகுதிகளாக ஒன்று வந்தது, அதை வாங்கும் யோசனையே வேண்டாம், நூலகத்தில் இருந்தால் பாருங்கள்.

காசே இல்லாமல் வேண்டுமென்றால் ‘ஓப்பன் என்சைக்ளோபீடியா ஆஃப் ஆந்த்ரபாலஜி’ இணையத்தில் யாருக்கும் திறந்திருக்கிறது. முன்பு கேம்பிரிட்ஜ் பெயரில் இருந்ததுதான், பெயர் மாறியிருக்கிறது. 1972லிருந்து வரும் ‘ஆனுவல் ரிவ்யூ ஆஃப் ஆந்த்ரபாலஜி’யும் உங்களுக்கு உதவும், ஏனென்றால் அதில் ஒவ்வொரு கட்டுரையும் ஒரு துறையில் பல ஆண்டுகளாக நடந்த சண்டையை முப்பது பக்கத்துக்குள் சொல்லிவிடும். ஆய்விதழ்களின் இணையக் களஞ்சியமான ஜேஸ்டோரில் சொந்தக் கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரை வரை இணையத்திலேயே படிக்கலாம். அரசுக் கல்லூரி என்றால் ஆய்விதழ்களுக்கு அரசே சந்தா கட்டும், 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் உங்கள் கல்லூரியும் இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். பல கல்லூரிகளில் வசதி இருக்கும், ஆனால் மாணவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கலைக்களஞ்சியக் கட்டுரையை எங்கே ஆரம்பிப்பது தெரியுமா? கடைசியில். அங்கே இருக்கும் நூல் பட்டியலில் எந்தப் பெயர் இரண்டு மூன்று கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருகிறதோ அதுதான் நீங்கள் அடுத்துப் படிக்க வேண்டியது.

கேள்வி: தர்ஸ்டனின் நூலில் எங்கள் சாதியைப் பற்றி எழுதியிருப்பதை உறவினர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ‘வெள்ளைக்காரனே எழுதிவிட்டான்’ என்கிறார்கள். ஆய்வேட்டில் அதை மேற்கோள் காட்டலாமா? (ஆய்வு மாணவர், திருநெல்வேலி)

பதில்: காட்டலாம், ஆனால் உங்கள் உறவினர்கள் காட்டுவது போல அல்ல.

எட்கர் தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர், மருத்துவம் படித்தவர். கே. ரங்காச்சாரி துணையோடு இந்த நூலை 1909ல் ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ என்று தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழிலும் கொண்டுவந்திருக்கிறது, ஆங்கில மூலம் இணையத்தில் இலவசம். 1901ல் பிரிட்டிஷ் அரசு இந்தியா முழுக்க ஓர் இனவரைவியல் கணக்கெடுப்பைத் தொடங்கியது, சென்னை மாகாணத்துக்கு அவர் பொறுப்பு. அன்றைய மோகம் மூக்கை அளப்பது. அகலத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டு இனம் பிரிக்கலாம் என்று நம்பினார்கள், தர்ஸ்டனும் கருவியோடு அளந்து தள்ளினார். அந்த அளவைகளுக்கு இன்று அறிவியல் மதிப்பு கிடையாது.

மூக்கு போகட்டும், அதைவிட முக்கியம் அந்தப் பதிவுகள் எப்படிச் சேர்ந்தன என்பது. ஒரு பதிவை எடுத்து மேற்கோள் குறிகளை மட்டும் எண்ணிப் பாருங்கள். கள்ளர் பற்றிய பதிவில் ஆங்கிலேய அதிகாரி நெல்சன் 1868ல் மதுரை பற்றி எழுதியது வருகிறது. வேறு பதிவுகளில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கை, மாவட்டக் கையேடு, பாதிரியார் குறிப்பு, போலீஸ் அதிகாரி அனுப்பிய தகவல் எல்லாம் வரும். ஆக, ‘தர்ஸ்டன் சொல்கிறார்’ என்று நீங்கள் எழுதும் வரி பல நேரம் நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு கலெக்டர் ஆபீஸ்காரர் சொன்னது. அதிலும் போலீஸ் தரப்புத் தகவல் என்றால் இன்னும் ஜாக்கிரதை. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது, அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் தொகுத்த புத்தகம் இது. ஒரு சமூகத்தையே ‘திருட்டுத் தொழில்’ என்று எழுதிய வரிகளை அந்தச் சூழலைச் சொல்லாமல் இன்றைக்கு எடுத்துப் போடுவது ஆய்வே அல்ல, அந்த அவதூறை மறுபடி ஒருமுறை அச்சடிப்பதுதான். பெருமை பேசும் வரிகளுக்கும் இதே விதிதான், அவற்றைப் பல நேரம் அந்தச் சமூகத்துப் பெரியவர்களே எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

எனவே இப்படி எழுதுங்கள்: ‘1909ல் தொகுத்த நூலில், நெல்சனை மேற்கோள் காட்டி, தர்ஸ்டன் இவ்வாறு பதிவு செய்கிறார்’. நீளமாக இருக்கும், பரவாயில்லை. அதோடு கே. எஸ். சிங் தலைமையில் இந்திய மானிடவியல் அளவீட்டுத் துறை 1985ல் தொடங்கிய ‘இந்திய மக்கள்’ திட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். 4,635 சமூகங்களைப் பதிவு செய்த திட்டம், தமிழ்நாட்டுக்கு மட்டும் மூன்று பகுதிகள். அதில் வேறொரு தொல்லை உண்டு. எல்லாச் சமூகத்துக்கும் ஒரே படிவம், உணவு, மணம், சொத்துரிமை, சடங்கு என்று வரிசையாக நிரப்பிக்கொண்டே போவதால் படித்தால் எல்லாரும் ஒரே மாதிரி தெரிவார்கள். இருந்தாலும் எண்பது வருட இடைவெளியில் ஒரே சமூகத்தைப் பற்றிய இரண்டு பதிவுகளை அருகருகே வைத்தால், எது மாறியது, எதை வெறுமனே நகல் எடுத்திருக்கிறார்கள் என்று ஓரளவு பிடிபட்டுவிடும்.

கேள்வி: ‘எச்ராஃப்’ என்று ஆசிரியர் அடிக்கடி சொல்கிறார். அது என்ன, அதை வைத்து உலகம் முழுக்க ஒப்பிட முடியுமா? (மாணவர், புதுச்சேரி)

பதில்: ‘ஹியூமன் ரிலேஷன்ஸ் ஏரியா ஃபைல்ஸ்’ என்பதன் சுருக்கம், 1949ல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கோப்புத் தொகுப்பு. உலகின் பல சமூகங்களைப் பற்றிய நூல்களை எடுத்துப் பத்தி பத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு பத்திக்கும் பொருள் எண் போட்டு வைத்திருக்கிறார்கள். 585 என்றால் திருமணச் சடங்கு, 764 என்றால் இறுதிச் சடங்கு. அந்த எண்ணைக் கொடுத்தால் பல சமூகங்களின் இழவு வீட்டுப் பழக்கங்கள் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும். முழுத் தொகுப்புக்குக் கல்லூரி சந்தா வேண்டும், எண் பட்டியல் மட்டும் இலவசம். சந்தா இல்லாவிட்டாலும் அந்தப் பட்டியலை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் களக் குறிப்புகளை வகைப்படுத்தவே உதவும்.

ஒப்பிடுவதற்கு மர்டாக், ஒயிட் என்ற மானிடவியலாளர்கள் 1969ல் 186 சமூகங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் தேர்வு? அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் பழக்கங்களை எடுத்துக்கொள்வார்கள், அப்படிப்பட்ட பத்துச் சமூகங்களைப் பத்துச் சான்றாக எண்ணினால் கணக்கு தப்பு. 1888லேயே மானிடவியலாளர் டைலரிடம் அறிவியலாளர் கால்டன் எழுப்பிய கேள்வி இது, அதனால் ஒரு வட்டாரத்துக்கு ஒன்று என்று எடுத்தார்கள். இந்தத் தரவு ‘டி-பிளேஸ்’ என்ற தளத்தில் எல்லாருக்கும் கிடைக்கிறது.

அந்த 186ல் நீலகிரித் தோடர் உண்டு, இலங்கை வேடர் உண்டு. தமிழ்ச் சமவெளியின் கிராமம் ஒன்றுகூட இல்லை. தோடரைப் பற்றிய தரவு எந்தக் காலத்தது என்று பார்த்தால் சுமார் 1900 என்று இருக்கும். அது பிரிட்டிஷ் மானிடவியலாளர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1901-02ல் நீலகிரிக்கு வந்து பார்த்து, 1906ல் புத்தகமாக எழுதிய தோடர். தர்ஸ்டனின் ஏழாம் தொகுதியில் தோடர் பற்றிய பதிவும் ரிவர்ஸிடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டதுதான். ஆக மூன்று இடத்தில் மூன்று சான்று கிடைத்துவிட்டது என்று நீங்கள் சந்தோஷப்படுவீர்கள், மூன்றுக்கும் பின்னால் நிற்பவர் ஒரே ஆள். சகோதரர்கள் சேர்ந்து ஒரு பெண்ணை மணந்த வழக்கம் அவர் காலத்தில் இருந்தது, இன்று இல்லை. தரவில் இருக்கிறதே என்று ‘தோடர்கள் பல கணவர் மணமுறை கொண்டவர்கள்’ என நிகழ்காலத்தில் எழுதினால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள்.

கேள்வி: கொல்லிமலையில் கள ஆய்வுக்குப் போகிறேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு வினாப்பட்டியல் கிடைக்குமா? (ஆய்வு மாணவி, சேலம்)

பதில்: பிரிட்டனில் இதற்கென்றே 1874ல் ‘நோட்ஸ் அண்ட் குவெரீஸ்’ என்று ஒரு கையேடு போட்டார்கள், ஆறாம் பதிப்பு 1951. வீடு, உணவு, உறவுமுறை, சாவு என்று எல்லாவற்றுக்கும் அதில் கேள்வி இருக்கும். கிளம்புவதற்கு முதல் நாள் படியுங்கள், எதையெல்லாம் யோசிக்கவே இல்லை என்று தெரியும். படித்துவிட்டு வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், தயவுசெய்து. தாளைப் பார்த்துக் கேள்வி கேட்டால் ரேஷன் கார்டு விசாரிக்க வந்தவர் என்று நினைத்து அதற்குத் தகுந்த பதிலைத்தான் சொல்வார்கள். கள ஆய்வு முறைகளுக்கு ரசல் பெர்னார்டின் நூல் போதும். குறிப்பெடுக்கும் கலைக்கு எமர்சன், ஃப்ரெட்ஸ், ஷா மூவரும் 1995ல் எழுதியது.

கேள்வி: பாட்டி சொன்ன கொழுக்கட்டைக் கதையைப் பதிவு செய்திருக்கிறேன். அதற்கு ‘வகை எண்’ போடச் சொல்கிறார் நெறியாளர். எங்கே பார்ப்பது? (மாணவர், பாளையங்கோட்டை)

பதில்: மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்றவன், பெயர் மறக்காமல் இருக்க ‘கொழுக்கட்டை, கொழுக்கட்டை’ என்று சொல்லிக்கொண்டே வந்து, வாய்க்காலைத் தாண்டும்போது ‘அத்திரிபாச்சா’ என்று சொல்லி, அதன்பின் வீடு வரை அதையே பிடித்துக்கொள்கிறானே, அந்தக் கதைதானே? அதன் எண் 1687, ‘மறந்த சொல்’. ஆர்னே 1910ல் தொடங்கி, ஸ்டித் தாம்சன் விரித்து, 2004ல் ஊதர் மூன்று தொகுதிகளாகத் திருத்திய, உலக நாட்டார் கதைகளை வகை பிரித்து எண் போட்ட அட்டவணையில் இருக்கிறது. இந்தியக் கதைகளுக்குத் தாம்சனும் ராபர்ட்ஸும் 1960ல் தனியாக ஒன்று போட்டார்கள், அதையும் பாருங்கள். கதைகளுக்குள் வரும் சின்னச் சின்னக் கூறுகளை வரிசைப்படுத்திய கதைக்கூறு அடைவு வேறு, அது ஆறு தொகுதி, ‘ஜே’ எழுத்தில் புத்திசாலிகளும் முட்டாள்களும் வருவார்கள்.

எண் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். எண் போட்டால் இந்தக் கதை வேறெங்கெல்லாம் உலவுகிறது என்று தெரியும், அவ்வளவுதான். உங்கள் பாட்டியின் கதையில் அவன் மனைவியை அடிக்கிறான், முகம் கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்ன பிறகே பெயர் ஞாபகம் வருகிறது. அடிவாங்கிய இடத்தில் கேட்பவர்கள் ஏன் சிரித்தார்கள் என்பதற்கு அந்த அட்டவணையில் பதில் கிடையாது, அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

கேள்வி: குடிமைப்பணித் தேர்வில் மானிடவியலை விருப்பப் பாடமாக எடுத்திருக்கிறேன். இவ்வளவும் படிக்க வேண்டுமா? (வாசகர், தர்மபுரி)

பதில்: வேண்டாம் தம்பி. பாடத்திட்டம், பழைய வினாத்தாள், ஒரு நல்ல பாடநூல், அப்புறம் பழங்குடிகள் பற்றிய அரசு அறிக்கைகள். தேர்வு முடிந்து மாவட்டத்துக்குப் போகும்போது தர்ஸ்டனைப் படியுங்கள், அங்கே தேவைப்படும்.

கேள்வி: யாழ்ப்பாணத்து ஊர் வழக்கங்கள், சடங்குகள் பற்றிய பழைய நூல்கள் இங்கே கிடைப்பது கஷ்டம். வழி உண்டா? (வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: உங்கள் பக்கத்திலேயே நூலகம் நிறுவனம் இருக்கிறதே. ஈழத்து நூல்கள், இதழ்கள், ஆலய மலர்கள், நினைவு மலர்கள் வரை மின்வடிவில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். நினைவு மலர்களைத் தள்ளிவிடாதீர்கள். குடும்பக் கால்வழியும் ஊர்ப்பெயர்களும் வேறெந்தக் களஞ்சியத்திலும் இல்லாத அளவுக்கு அவற்றில் கிடக்கின்றன.

கேள்வி: செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் நூல் பட்டியல் தருகிறதே, இவ்வளவு அலைச்சல் எதற்கு? (மாணவர், கோவை)

பதில்: தரும். அதில் சில புத்தகங்களை யாரும் எழுதியே இருக்க மாட்டார்கள், தலைப்பு மட்டும் பிரமாதமாக இருக்கும். அது கொடுக்கும் ஒவ்வொரு தலைப்பையும் நூலக அட்டவணையில் தட்டிப் பாருங்கள், இருந்தால் எடுத்துப் பக்க எண்ணைச் சரிபாருங்கள், இல்லையென்றால் அடித்துவிடுங்கள். நேர்முகத் தேர்வில் அந்தப் புத்தகத்தின் அட்டை என்ன நிறம் என்று கேட்கிற பேராசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள்.